வெளியில் வாங்கிய இருக்கையும் ஏர்பேக் கம்பிகளும்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வியின் சாரம் இது: ஓட்டுநர் பக்கத்தில் காருடன் வந்த இருக்கையைக் கழற்றிவிட்டு, உடலை இறுகப் பிடிக்கும் பக்கெட் இருக்கை ஒன்றைப் பொருத்த விரும்புகிறீர்கள். பழைய இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் உட்பட மூன்று நான்கு கனெக்டர்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும் என்றும், இரண்டு ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்) ஒன்றைச் செருகினால் அணைந்துவிடும் என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது போதுமா, பிறகு பக்கத்து இருக்கையையும் அப்படியே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஓட்டுநர் இருக்கையை, ஒரு முக்கியமான இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, முறையாக மாற்ற முடியும். பயணி இருக்கையில் அமர்ந்திருப்பவரின் எடையை உணரும் அமைப்பு இருந்தால் அதை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரெசிஸ்டரைப் பொறுத்தவரை, அதற்கு நியாயமான பயன் ஒன்று மட்டும் உண்டு. பெரும்பாலும் அது அந்தப் பயனுக்காகச் செருகப்படுவதில்லை.

முதலில் இருக்கைக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. முதுகுச் சாய்வின் கதவுப் பக்க ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. சீட் பெல்ட்டின் நாக்கு செருகிப் பூட்டும் பக்கிள் பெரும்பாலான கார்களில் தரையில் அல்ல, இருக்கையின் நகரும் ரெயிலில்தான் பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் மாட்டப்பட்டதா என்று சொல்லும் சுவிட்ச் அதற்குள் இருக்கும். சில கார்களில் மோதலின் கணத்தில் பக்கிளையே கீழ்நோக்கி இழுக்கும் வெடிவிசைப் பிரீடென்ஷனரும் அதோடு சேர்ந்திருக்கும். வேறு சிலவற்றில் பிரீடென்ஷனர் நடுத்தூணில் பெல்ட் சுருளுடன் இருப்பதால் இருக்கையைக் கழற்றுவது அதைப் பாதிக்காது. இருக்கை ஸ்டியரிங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சென்சார் ரெயிலில் இருக்கலாம். பயணி பக்கத்தில் எடை உணரும் அமைப்பு கூடுதலாக வரும். சூடேற்றி, மோட்டார், நினைவகம் ஆகியவை வசதிக்கானவை. அவை இல்லாமற்போனால் ஒரு வசதி போகும், வேறொரு பிழைக்குறியீடு பதிவாகும், அவ்வளவுதான்.

இவற்றை ஏர்பேக் கட்டுப்பாட்டு அலகு எப்படிக் கண்காணிக்கிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஏர்பேக்கையும் பிரீடென்ஷனரையும் பற்றவைக்கும் திரியின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். இக்னிஷன் போட்டதும் அலகு மில்லிஆம்பியர் அளவிலான மிகச் சிறிய மின்னோட்டத்தை அந்தத் திரி வழியாக அனுப்பி, தடை சரியான எல்லைக்குள் இருக்கிறதா என்று அளக்கிறது. கம்பி உடலோடோ பேட்டரி இணைப்போடோ தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கிறது. திரியைப் பற்றவைப்பதற்கு வழக்கமாக 1.2 ஆம்பியர் அளவு 2 மில்லிவினாடி பாய வேண்டும் என்பதால், அளவிடும் மின்னோட்டத்தால் ஆபத்தில்லை. ஆனால் 2 ஓம் என்பது மிகச் சிறிய தடை. கனெக்டரின் முனையில் படிந்த களிம்போ, முழுமையாக உட்காராத பூட்டோ ஒன்றிரண்டு ஓமைக் கூட்டினாலே அலகு பிழை என்று முடிவு செய்துவிடும். மஞ்சள் கனெக்டருக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு: கழற்றப்பட்டவுடன் திரிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் சிறு வில்தகடு. நிலைமின்சாரம் திரியைத் தீண்டாதிருக்க அது வைக்கப்பட்டிருக்கிறது. கனெக்டர் பாதி மட்டும் நுழைந்திருந்தால் அந்தத் தகடு விலகாமல், தடை மிகக் குறைவு என்ற பிழை வரும். புதிய இருக்கை பொருத்திய பிறகு வரும் பிழைகளில் கணிசமானவை இப்படிப்பட்டவை. கனெக்டரின் இரண்டாம் பூட்டை ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினால் தீர்ந்துவிடும்.

இனி ரெசிஸ்டர். ஏர்பேக் இருந்த இடத்தில் அதே அளவு தடையைச் செருகினால், இல்லாத ஏர்பேக் இருப்பதாக அலகு நம்பும், விளக்கு அணையும். இதில் நியாயமான பகுதி என்னவென்றால், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கால் புதிய பழுது எதையும் சொல்ல முடியாது. நாளை முன்பக்க ஏர்பேக்கின் கம்பியில் கோளாறு வந்தாலும் அதே விளக்குத்தான் எரியும், உங்களுக்குத் தெரியாது. தவிரவும், பிழை பதிவாகியிருக்கும்போது பாதிக்கப்பட்ட சுற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இயக்குவதா, அதற்கு மேலும் நிறுத்துவதா என்பது காருக்குக் கார் மாறுபடுகிறது. ஆகவே பக்கவாட்டு ஏர்பேக்கை இழக்கிறோம் என்று தெரிந்தே முடிவெடுத்த ஒருவர், மீதமுள்ள அமைப்பு விழிப்போடு இருப்பதற்காக ஒரு மாற்றுத் தடையைப் பயன்படுத்துவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. காரின் பழுதுபார்ப்புக் கையேடு தரும் தடை அளவில், அந்தக் கனெக்டருக்கே பொருந்தும் செருகியாகத் தயாரிக்கப்பட்டதாக அது இருக்க வேண்டும். காரின் கம்பியை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய ரெசிஸ்டராக இருக்கக் கூடாது. இந்த இருக்கையில் ஏர்பேக் இல்லை என்ற குறிப்பு அந்த இடத்திலும் காரின் ஆவணங்களோடும் இருக்க வேண்டும், ஏனென்றால் காரை அடுத்து வாங்குபவருக்கு அணைந்திருக்கும் விளக்கு தவிர வேறெதுவும் தெரியப்போவதில்லை. பக்கிள் பிரீடென்ஷனருக்குப் பதிலாகவோ, எடை உணரும் அமைப்புக்குப் பதிலாகவோ ரெசிஸ்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் மனித உடலுக்கும் நடுவே நொறுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள இடமே இல்லாததால், 10 முதல் 20 மில்லிவினாடிக்குள் விரியும் அந்தப் பை மட்டுமே விலாவுக்கும் உலோகத்துக்கும் இடையில் நிற்கிறது. ஓட்டுநர் பக்கம் மோதப்படும் விபத்துகளில், உடற்பகுதியை மட்டும் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குகள் கார் ஓட்டுநர்களின் இறப்பு அபாயத்தை 26 சதவீதமும், தலையையும் சேர்த்துக் காப்பவை 37 சதவீதமும் குறைத்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. உங்கள் காரில் கூரை ஓரத்தில் திரைபோல் விரியும் ஏர்பேக் தனியாக இருந்தால், இருக்கையை மாற்றினாலும் தலைக்கான காப்பு பெருமளவு தங்கும். கூரை திறக்கும் கார்களிலும் சில பழைய கார்களிலும் தலையையும் மார்பையும் ஒருசேரக் காக்கும் பை இருக்கைக்குள்ளேயே இருக்கும். அத்தகைய காரில் இருக்கையை மாற்றினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும், ஆகவே அன்றாடம் சாலையில் ஓடும் காராக இருந்தால் நான் மாற்ற மாட்டேன். தலையின் இருபுறமும் இறக்கை நீட்டிய பந்தய இருக்கைகளும் சாலைக் காருக்கு ஆகாதவை. பக்கப் பார்வையை மறைப்பதோடு, கூரைத் திரை விரியும் வழியிலும் அவை குறுக்கே நிற்கக்கூடும்.

பழைய இருக்கையின் ஏர்பேக்கை எடுத்துப் புதிய இருக்கையில் வைத்துத் தைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. பை வெளிவரும் தையல் குறிப்பிட்ட விசையில், குறிப்பிட்ட திசையில் கிழிவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பஞ்சின் வெட்டும், பையைத் தாங்கும் தகடும், உறையின் துணியும் அதன் பகுதிகள். அவை இல்லாத இடத்தில் பை எங்கே விரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தடித்த சீட் கவர் போட்டு அந்தத் தையலை மூடுபவர்களும், இருக்கையைக் கழற்றாமலேயே, இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். ஏர்பேக்கோடு கூடிய பிடிமான இருக்கை வேண்டுமென்றால் நேரான வழி, அதே காரின் உயர் ரக வகைக்கு உற்பத்தியாளரே தரும் விளையாட்டு இருக்கையைத் தேடுவது. அதே தலைமுறைக் காராக, அதே கனெக்டர்களோடு, ஏர்பேக்கின் பாக எண்ணும் பொருந்துவதாக இருந்தால், எதையும் ஏமாற்றாமல் வேலை முடியும். வெளிச் சந்தையில் தேடுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்பது என் எண்ணம்.

பக்கெட் இருக்கைதான் என்று முடிவானால், மின்னணுவைவிட அதிகக் கவனம் கோருவது பக்கிள். மோதலில் பெல்ட்டின் இழுவையில் பெரும்பங்கு பக்கிள் வழியாக ரெயிலுக்கும், ரெயில் வழியாகத் தரைக்கும் போகிறது. ஐ.நா.வின் 14ஆம் ஒழுங்குமுறைப்படி மூன்றுமுனைப் பெல்ட்டின் பிடிப்புகளைச் சோதிக்கும்போது மார்புப் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா 1,350 டெகாநியூட்டன், அதாவது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,375 கிலோ எடை தொங்குவதற்கு ஈடான விசை கொடுக்கப்படுகிறது. பிடிப்பு இருக்கையிலேயே இருந்தால், இருக்கையின் எடையைப் போல் 20 மடங்கு விசையும் அதோடு சேர்கிறது. நீங்கள் வாங்கும் அடித்தாங்கியும் நகர்த்தும் ரெயிலும் இதைத் தாங்கும் என்று, உங்கள் கார் மாடலின் பெயரைச் சொல்லி, எழுத்தில் சான்று தருகிறார்களா என்று கேளுங்கள். இருக்கைக்கு, உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் 8855-1999 தரச்சான்று இருக்கிறது என்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது. அது பந்தயப் பெல்ட்டோடு பயன்படுத்தும் இருக்கைக்கான சான்று, உங்கள் காரின் பக்கிளை ஏந்தும் தாங்கிக்கானதன்று. எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும், பக்கிளுக்கென்று தனித் துளையே இல்லாத தாங்கிகளை ஒதுக்கிவிடுவது நல்லது. தரைத்தகட்டில் புதிதாகத் துளையிட்டு பக்கிளைப் பொருத்தித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்; மெல்லிய தரைத்தகடு கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும்.

காரின் பழைய பக்கிளையே, அதன் பிரீடென்ஷனரும் சுவிட்சும் கம்பியும் குலையாமல், புதிய தாங்கிக்கு மாற்ற வேண்டும். பக்கிள் சுவிட்ச் வெறும் திறப்பு–மூடலாக இல்லாமல், இரண்டு வெவ்வேறு தடை அளவுகளாகவோ, காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் தரும் இரண்டு மின்னோட்ட அளவுகளாகவோ இருக்கலாம். அதனால் பார்ப்பதற்கு ஒத்திருக்கும் வேறொரு பக்கிள் அலகுக்குப் புரியாது. பெல்ட் மாட்டியிருக்கிறதா என்ற தகவலை வைத்தே ஏர்பேக் எந்த வேகத்தில், எந்த வலுவில் வெடிக்க வேண்டும் என்பதைச் சில கார்கள் தீர்மானிக்கின்றன என்பதால், இது வெறும் எச்சரிக்கை ஒலி பற்றிய விஷயமாக முடிந்துவிடுவதில்லை. பொருத்தியபின் உட்கார்ந்து பாருங்கள்: இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், தொடைகள் தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பக்கெட் இருக்கையின் உயர்ந்த விளிம்புக்கு மேலாகப் பெல்ட் போனால் நடுவில் இடைவெளி விழும். விளிம்பில் உள்ள துளை வழியாக அது செல்ல வேண்டும், துளையின் ஓரம் பட்டையை அறுக்காதபடி மழுங்கியிருக்க வேண்டும். பக்கிள் விளிம்பின் மேல் வளைந்து நிற்கவும் கூடாது. இந்த மூன்றும் அமையாத இருக்கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் காருக்கானது அன்று. தோள்பட்டை இரண்டையும் பிடிக்கும் நான்குமுனைப் பெல்ட்டைக் காரின் பெல்ட்டுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். கால்களுக்கு இடையிலான பட்டை இல்லாத பெரும்பாலான வகைகளில் உடல் அடியில் நழுவும். உருளும் காரில் கூரை இறங்கினால், பாதுகாப்புக் கூண்டு இல்லாத நிலையில், அந்தப் பெல்ட் உடலைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கும்.

ரெயிலில் நிலை உணரும் சென்சார் இருந்தால் அதையும் இடம் மாற்ற வேண்டும். அது பெரும்பாலும் ரெயிலோடு நகரும் உலோகத் தகடு அருகில் வருகிறதா என்று காந்தப் புலத்தின் மூலம் அறியும் சிறு பெட்டி. புதிய தாங்கியில் அதே இடைவெளியில், இருக்கை ஸ்டியரிங்கை நெருங்கும் அதே புள்ளியில் நிலை மாறும்படி அதைப் பொருத்தினால், குட்டையான ஓட்டுநர் முன்னால் நகர்ந்து உட்காரும்போது ஏர்பேக் குறைந்த வலுவில் வெடிக்க வேண்டும் என்ற உண்மைத் தகவல் அலகுக்குத் தொடர்ந்து கிடைக்கும். ஏதோ ஒரு பக்கம் ஒட்டவைத்து விளக்கை மட்டும் அணைத்தால் அந்தத் தகவல் பொய்யாகிவிடும்.

வேலையின் வரிசையைப் பற்றி. தொடங்குமுன் ஏர்பேக் அலகைப் படிக்கக்கூடிய ஸ்கேனரால் பிழைக்குறியீடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த பழுதுக்குப் புதிய இருக்கையைக் குற்றம்சொல்லும் நிலை வராது. மோட்டாரால் நகரும் இருக்கையாக இருந்தால், போல்ட்டுகளை எட்டுவதற்கு முன்னும் பின்னும் நகர்த்தும் வேலையைப் பேட்டரியைக் கழற்றுமுன் முடித்துவிட வேண்டும். பிறகு இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையை (நெகட்டிவ்) கழற்றிக் காத்திருங்கள். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அலகுக்குள் ஒரு மின்தேக்கி ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. அது வடிவதற்கு ஒரு உற்பத்தியாளர் 90 வினாடி என்பார், இன்னொருவர் 3 நிமிடம் என்பார், வேறொருவர் 10 நிமிடம் என்பார். உங்கள் காரின் கையேடு சொல்லும் நேரமே கணக்கு. கனெக்டரைத் தொடுமுன் காரின் வண்ணமற்ற உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஏர்பேக் திரியிலோ பிரீடென்ஷனரிலோ மல்டிமீட்டரின் முனைகளை வைக்கவே கூடாது. பழுதுபார்ப்புக் கையேடுகள் இதைத் தடைசெய்கின்றன, தடையை ஸ்கேனரிலேயே படிக்கலாம்.

எல்லாக் கனெக்டர்களும் மீண்டும் செருகப்படும்வரை சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பக் கூடாது. காரைச் சற்று நகர்த்திக்கொள்கிறேன் என்று இடையில் ஒருமுறை திருப்பினாலே பிழை பதிவாகும். பல கார்களில் அது தானாக அழியாது, ஸ்கேனரால் அழிக்க வேண்டியிருக்கும். கம்பிகளை ரெயிலின் நகர்வுக்கு ஏற்றபடி தளர்வான வளையம் விட்டுக் கட்டுங்கள். பல மாதம் கழித்து, இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தும்போது மட்டும் விளக்கு எரிந்து அணைகிற கோளாறுக்கு ரெயிலுக்கும் தாங்கிக்கும் நடுவே நசுங்கிய கம்பிதான் வழக்கமான காரணம். போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். பக்கிள் போல்ட் ஒருமுறைக்கு மட்டும் என்று கையேடு சொன்னால் புதியதைப் போடுங்கள். பேட்டரியை மீண்டும் இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்க வேண்டாம். முதல்முறை இக்னிஷன் போடுபவரும் ஏர்பேக்குகளின் வழியில் தலையை வைக்காமல் எட்டிப் போட வேண்டும்.

ஏர்பேக் விளக்கு இக்னிஷன் போட்டதும் சில வினாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே எரியாவிட்டால் அதுவும் பழுதுதான், யாரோ பல்பைக் கழற்றியிருக்கவும் கூடும். விளக்கோடு நிறுத்திவிடாமல் ஸ்கேனரின் நேரடித் தரவைப் பாருங்கள்: பெல்ட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் பக்கிளின் நிலை மாறுகிறதா, இருக்கையை நகர்த்தும்போது நிலைச் சென்சார் மாறுகிறதா, ஒவ்வொரு சுற்றின் தடையும் எல்லைக்கு நடுவில் இருக்கிறதா அல்லது விளிம்பில் ஊசலாடுகிறதா. வேலை செய்து கொடுத்தவரிடம் இந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடியாதவர் விளக்கை மட்டும் பார்த்து வேலையை முடித்தவர்.

பயணி இருக்கைக்கு வருவோம். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரநிலை 208, சிறு குழந்தைகளுக்கு எதிரே முன்பக்க ஏர்பேக் ஆபத்தாக வெடிக்காதிருக்க வேண்டும் என்று கோரியது. அந்த விதி 2003 செப்டம்பரில் தொடங்கி 2006 செப்டம்பருக்குள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்ற உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் பயணி இருக்கைக்குள் எடையையோ உடலின் இருப்பையோ உணரும் அமைப்பை வைத்தார்கள். பஞ்சுக்கு அடியில் திரவம் நிரம்பிய பையும் அழுத்த சென்சாரும் ஒரு வகை, இருக்கை நிற்கும் நான்கு மூலைகளிலும் எடையால் உலோகம் நுண்ணளவில் வளைவதை அளக்கும் சென்சார்கள் இன்னொரு வகை, உடலின் மின்தேக்குத் திறனை உணரும் விரிப்பு மற்றொன்று. இவை அந்தப் பஞ்சோடும் அந்தச் சட்டகத்தோடும் சேர்த்தே அளவமைக்கப்பட்டவை. சில உற்பத்தியாளர்கள் பஞ்சு, சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் ஒரே தொகுப்பாகத்தான் விற்கிறார்கள். அதே இருக்கையைக் கழற்றி மீண்டும் மாட்டினாலே காலி இருக்கையைச் சுழியமாகப் பதியும் அளவமைப்பைத் திரும்பச் செய்யச் சொல்லும் கார்கள் உண்டு. அப்படியிருக்க, அந்தப் பையை எடுத்து வேறொரு இருக்கையின் பஞ்சுக்கு அடியில் திணிப்பதால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

மாற்றுத் தடையோ போலிப் பெட்டியோ வைத்தால், ஒன்று எப்போதும் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லும், அல்லது இருக்கை எப்போதும் காலி என்று சொல்லும். முதலாவது குழந்தைக்கு எதிராக முழு வலுவில் வெடிக்கவிடும். இரண்டாவது உங்கள் துணைவருக்கு ஏர்பேக்கே இல்லாமல் செய்யும். இரண்டில் எது சரி என்று காரை ஓட்டும் நாளெல்லாம் ஒருவர் நினைவு வைத்து மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பயணி இருக்கையை விட்டுவிடுங்கள். இரண்டு இருக்கைகளும் வேறுவேறாகத் தெரிவது உறுத்தினால் உறை மாற்றுவதைக்கூட உற்பத்தியாளரின் அனுமதி இருந்தால் மட்டும் செய்யுங்கள், ஏனெனில் இழுத்துக் கட்டிய உறையே எடைக் கணக்கைக் கெடுக்கும். உங்கள் காரில் எடை உணரும் அமைப்பு இல்லாமல், ஏர்பேக்கை அணைக்கச் சாவித் துளையும், பெல்ட் நினைவூட்டலுக்கான எளிய விரிப்பும் மட்டும் இருந்தால், ஓட்டுநர் இருக்கைக்குச் சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும். ஆனால் அந்த விரிப்பு நினைவூட்டலுக்கு மட்டுமா, அல்லது காலி இருக்கையில் பிரீடென்ஷனரை வெடிக்காமல் தடுக்கவுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு விதிகளும் தகுதிச் சோதனையும் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், இருக்கையை வாங்குமுன் அவற்றை விசாரித்துக்கொண்டு, காப்பீட்டாளரிடமும் எழுத்தில் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கழற்றிய இருக்கையைத் தூக்கி எறியவும் வேண்டாம், தனியாக விற்கவும் அவசரப்பட வேண்டாம். காரை விற்கும் நாளில் திரும்ப மாட்டுவதற்கு அது வேண்டும். அதற்குள் இன்னும் உயிருள்ள வெடிவிசைப் பொருள் இருக்கிறது. முதுகுச் சாய்வு நிமிர்ந்த நிலையில், ஏர்பேக் இருக்கும் ஓரம் சுவரையோ வேறு பொருளையோ ஒட்டாமல், வெப்பமும் ஈரமும் குழந்தைகளும் அணுகாத இடத்தில், மஞ்சள் கனெக்டரின் முனை தூசு படாதபடி மூடி வையுங்கள். தூக்கும்போது கம்பியைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஏர்பேக் இருக்கும் ஓரத்தை உங்கள் உடலுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.